பள்ளியில் ஃப்ளூ பரவாமல் இருக்க எங்களுக்குக் கைகொடுத்தவை

எங்கள் பள்ளியில் ஃப்ளூவைக் கட்டுப்படுத்த எடுத்த முடிவுகளில் அதிகப் பலன் தந்தது சோப்பும் இல்லை, சானிடைசரும் இல்லை. ஆண்டு விழாவில் கொடுத்துவந்த முழு வருகைப் பரிசை நிறுத்தியதுதான். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத மாணவருக்கு மேடையில் பரிசு, எல்லாருடைய கைதட்டல். கேட்க நல்ல விஷயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பரிசு கைநழுவிவிடக் கூடாது என்று 102 டிகிரி காய்ச்சலோடு வந்து, பெஞ்சில் தலை சாய்த்துக் கிடந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரம் அந்த வகுப்பில் பெஞ்சுகள் வரிசையாகக் காலியாகும். ஒரு பிள்ளையின் முழு வருகைக்கு மற்ற பிள்ளைகள் விடுப்பு எடுத்து விலை கொடுப்பார்கள்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. பாடம் நடத்துவதோடு பிள்ளைகளின் உடல்நலப் பொறுப்பும் பல வருடங்களாக என்னிடம் இருக்கிறது. மருத்துவ அறையைப் பார்த்துக்கொள்வது, பெற்றோரைக் கூப்பிடுவது, தடுப்பூசி பற்றிய கூட்டங்களை நடத்துவது எல்லாம் என் வேலை. மருத்துவம் படித்தவள் இல்லை. ஆனால் ஒரு பெஞ்சில் தொடங்கும் ஃப்ளூ அடுத்த பெஞ்சுக்குத் தாவி, அங்கிருந்து ஒரு பிள்ளையின் வீட்டுக்குப் போய், கைக்குழந்தையான தம்பியைப் படுக்கவைப்பது வரை பக்கத்திலிருந்து பார்த்தவள். அந்த அனுபவத்திலிருந்து நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: காய்ச்சல் வந்த பிள்ளை பள்ளிக்கு வருவதற்கு நாமே வைத்திருக்கும் காரணங்களை முதலில் ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டும். மற்ற ஏற்பாடுகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

ஏன் இதற்கு இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், ஃப்ளூ பரவும் விதம் அப்படி. வைரஸ் தொற்றிய 1 முதல் 4 நாட்களுக்குள், பெரும்பாலும் 2 நாளில், உடம்பு காட்டிக்கொடுக்கும். அப்படிக் காட்டிக்கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அந்தப் பிள்ளையிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கலாம். அதன்பின் 5 முதல் 7 நாட்கள் வரை பரவும். சின்னப் பிள்ளைகளிடம் இன்னும் நீளும். அந்த முதல் நாளை யாராலும் பிடிக்க முடியாது. ஆனால் காய்ச்சல் தொடங்கிய முதல் மூன்று நாட்களில்தான் மிக அதிகமாகப் பரவுகிறது. அந்த மூன்று நாட்கள் நம் கையில் இருக்கின்றன. அவற்றில் பிள்ளை எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

சாதாரணச் சளிக்கும் ஃப்ளூவுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெற்றோருக்கு நான் இப்படிச் சொல்வேன். சளி மெல்ல மெல்ல வரும். மூக்கு ஒழுகும், தும்மல் வரும், பிள்ளை விளையாடிக்கொண்டுதான் இருக்கும். ஃப்ளூ சட்டென்று வரும். மதியம் ஓடியாடிய பிள்ளை சாயங்காலம் சுருண்டு படுத்துவிடும். காய்ச்சல், குளிர் நடுக்கம், உடம்பு வலி, தலைவலி, வறட்டு இருமல். சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் சேர்ந்து வரலாம். மூக்கு ஒழுகும் எல்லாப் பிள்ளைகளையும் வீட்டில் நிறுத்தச் சொன்னால் பள்ளியே நடக்காது, அப்படி நாங்கள் சொல்வதும் இல்லை. காய்ச்சல் என்றால் மட்டும் பேச்சே இல்லை, வீடுதான்.

திரும்பி வருவதற்கும் ஒரே விதி. காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்காமலேயே முழுதாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், மற்ற தொந்தரவுகளும் குறைந்துவர வேண்டும். ‘மருந்து எதுவும் கொடுக்காமலேயே’ என்பதை நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியிலும் தடித்த எழுத்தில் போடுகிறோம். காரணம் இருக்கிறது. பாராசிட்டமால் 4 முதல் 6 மணி நேரம் காய்ச்சலை அடக்கிவைக்கும், நோயை அது தொடுவதில்லை. காலை 7 மணிக்குக் கொடுத்த மருந்தின் வேகம் 11 மணிக்கு மேல் குறையும். அதனால்தான் எங்கள் மருத்துவ அறைக்குப் பிள்ளைகள் காலை மணி அடித்ததும் வருவதைவிடப் பதினொன்றரை வாக்கில் வருவதே அதிகம். கன்னம் சிவந்திருக்கும், கண் பளபளக்கும், இரண்டு கையையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு “குளிருது மிஸ்” என்று வந்து நிற்பார்கள். வீட்டுக்குப் போன் செய்தால், “காலைல லேசா உடம்பு சுட்டுச்சு டீச்சர், மருந்து குடுத்தேன், நல்லாத்தானே கெளம்பினான்” என்பார்கள். அதற்குள் அந்தப் பிள்ளை இரண்டு பாடவேளை வகுப்பில் உட்கார்ந்துவிட்டிருக்கும்.

அந்த அம்மாவையோ அப்பாவையோ குறை சொல்லி ஒரு பயனும் இல்லை. பெரும்பாலான வீடுகளில் காரணம் அலட்சியம் இல்லை, வேறு வழி இல்லாததுதான். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறார்கள், திடீர் லீவு கிடைக்காது. சில வீடுகளில் ஒரு நாள் போகாவிட்டால் அந்த நாள் சம்பளம் போய்விடும். இது புரிந்த பிறகு நாங்கள் அறிவுரை சொல்வதைக் குறைத்துக்கொண்டு, கேள்வி கேட்க ஆரம்பித்தோம். வருடத் தொடக்கத்தில் கொடுக்கும் படிவத்தில் இப்போது ஒரு வரி இருக்கிறது: “பிள்ளைக்குத் திடீரென்று காய்ச்சல் வந்தால் பகலில் யார் பார்த்துக்கொள்வார்கள்? இரண்டு பேரின் பெயரும் போன் எண்ணும் எழுதவும்.” ஒரு வரிதான். ஆனால் அதை எழுதும்போதுதான் பல பெற்றோர் முதன்முதலாக அதைப் பற்றி யோசிக்கிறார்கள். பெயர் எழுத முடியாத வீடுகள் எவை என்று எங்களுக்கும் தெரிந்துவிடுகிறது. அந்த வீடுகளை முன்கூட்டியே கூப்பிட்டுப் பேசுகிறோம். எல்லாருக்கும் வழி பிறந்துவிடுவதில்லை. ஆனால் அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு அரை நாள் என்று பிரித்துக்கொள்வதைப் போன்ற ஏற்பாடுகள், காய்ச்சல் வந்த காலையில் பதற்றத்தோடு யோசிக்கும்போது வருவதைவிட அமைதியான ஒரு நாளில் பேசும்போது சுலபமாக வருகின்றன.

அடுத்து எடுத்துவிட்ட காரணம் மருத்துவச் சான்று. முன்பு இரண்டு நாள் விடுப்பு என்றாலும் சான்று கேட்போம். அதற்காக, வீட்டில் படுத்து ஓய்வெடுக்க வேண்டிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனையில் நோயாளிகள் கூட்டத்துக்கு நடுவே உட்கார வேண்டியிருந்தது. அந்தத் தொல்லைக்குப் பயந்தே பள்ளிக்கு அனுப்பிவிட்ட பெற்றோரும் உண்டு. இப்போது சில நாள் விடுப்புக்குப் பெற்றோர் எழுதித் தரும் கடிதமே போதும் என்றாகிவிட்டது. இந்தச் சலுகையைத் தவறாகப் பயன்படுத்துவார்களே என்று சில ஆசிரியர்கள் கேட்டார்கள். ஒரு சிலர் செய்யலாம். அந்த ஒரு சிலருக்காக மொத்த வகுப்பையும் ஆபத்தில் வைப்பதில் நியாயம் இல்லை என்பது என் கருத்து.

மூன்றாவது காரணம் பிள்ளைகளின் மனதிலேயே இருக்கிறது: பாடம் போய்விடும் என்ற பயம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள்தான் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வருவார்கள். இதற்கு எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டுத் துணை உண்டு. ஒருவர் வராவிட்டால் அவருக்கான தாள்களை மற்றவர் வாங்கி ஒரு உறையில் போட்டுவைப்பார். சாயங்காலம் கரும்பலகையைப் படம் எடுத்து வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வகுப்பாசிரியர் போட்டுவிடுவார். கூடவே, “காய்ச்சல் இருக்கும்போது இதை எழுத வேண்டாம், வந்த பிறகு எழுதினால் போதும்” என்று ஒரு வரியும் சேர்த்துப் போடச் சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் சில பெற்றோர் படுத்திருக்கும் பிள்ளையை எழுப்பி உட்காரவைத்து எழுதச் சொல்வார்கள். தவறவிட்ட வகுப்புத் தேர்வைத் திரும்பி வந்து எழுதலாம், மதிப்பெண் குறையாது.

இதற்கெல்லாம் தலைமையாசிரியரைச் சம்மதிக்க வைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. வருகை விழுக்காடு குறைந்துவிடுமே என்பது அவர் கவலை. ஃப்ளூ வந்துபோன ஒரு மாதத்தின் வருகைப் பதிவேட்டை அவர் முன்னால் விரித்துவைத்தேன். ஒரு வகுப்பில் ஒரு பிள்ளை காய்ச்சலோடு வந்ததும், இரண்டு நாள் கழித்து முன்பெஞ்சும் பின்பெஞ்சும் விடுப்பில் போனதும், அடுத்து அந்த வகுப்பாசிரியரே படுத்ததும் பதிவேட்டிலேயே இருந்தது. வேறு எந்த வாதமும் தேவைப்படவில்லை. உங்கள் பள்ளியிலும் யாரையாவது சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தால் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்.

இனி வகுப்பறை. ஃப்ளூ இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் துளிகளால் பரவுகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். பேசும்போதும் மூச்சு விடும்போதும்கூட மிக நுண்ணிய துளிகள் வெளிவருகின்றன. அவை கீழே விழாமல், மூலையில் எழும் புகை அறை முழுக்கப் பரவுவதைப் போல மிதந்துகொண்டிருக்கும். மூடிய அறையில் அவை சேர்ந்துகொண்டே போகும். ஆகவே ஜன்னல்.

ஜன்னலைத் திற என்று சொல்வது சுலபம். நான் ஒவ்வொரு வகுப்பாகப் போய்ப் பார்த்தபோதுதான் நிலைமை புரிந்தது. சில ஜன்னல்கள் பெயிண்ட் ஒட்டிக்கொண்டு திறக்கவே வரவில்லை. சிலவற்றை அலமாரி மறைத்திருந்தது. சிலவற்றின் கொக்கி உடைந்து, காற்றில் கதவு அடித்துக்கொள்கிறது என்று நிரந்தரமாகச் சாத்தியிருந்தார்கள். ஒரு தச்சரை வரவழைத்து எல்லாவற்றையும் சரிசெய்ய வைத்தோம். வகுப்புக்கு ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று வந்து அங்கேயே நிற்கும். எதிர்ப்பக்கக் கதவையும் திறந்தால்தான் உள்ளே வந்து வெளியே போகும். மின்விசிறி காற்றைச் சுழற்றுகிறதே தவிர மாற்றுவதில்லை. சுவரில் மாட்டும் ஏசியும் பெரும்பாலும் அப்படித்தான், அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் குளிர வைத்துத் திருப்பி அனுப்புகிறது. ஏசி போட்ட கணினி அறையில் பாடவேளை முடிந்ததும் கதவையும் ஜன்னலையும் விரியத் திறந்துவைத்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் அடுத்த வகுப்பை உள்ளே விடுகிறோம்.

காற்று மாறுகிறதா என்று கண்ணால் தெரியாது. கார்பன் டை ஆக்சைடு அளக்கும் சின்னக் கருவி ஒன்று இருந்தால் தெரியும். வெளிக்காற்றில் அது சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு, காட்டும். அறையில் 800, 1000 என்று ஏறினால், மற்றவர்கள் விட்ட மூச்சுக்காற்றை நாம் அதிகமாக இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். அது வைரஸை அளப்பதில்லை, காற்றோட்டத்தை மட்டுமே சொல்கிறது. ஒரு கருவியை வைத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாக எடுத்துப் போனோம். நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதைக் கொடுத்து, கதவைச் சாத்தினால் எண் எவ்வளவு ஏறுகிறது, திறந்தால் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று அவர்களையே குறித்துவைக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்த வகுப்பில் ஜன்னலைத் திறக்கச் சொல்லி யாருக்கும் நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. பள்ளிப் பேருந்திலும் இதே கதைதான். எதிரெதிராக இருக்கும் ஜன்னல்களைக் கொஞ்சமாவது திறந்துவைக்க ஓட்டுநரிடம் சொல்லிவையுங்கள்.

கை கழுவுவதும் முக்கியம்தான். மேசை, கதவுப் பிடி போன்ற வழவழப்பான பரப்புகளில் ஃப்ளூ வைரஸ் 24 முதல் 48 மணி நேரம் வரைகூட இருக்கக் கூடும். துணியிலும் காகிதத்திலும் அவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்காது. அந்தப் பிடியைத் தொட்ட கை, மூக்கையோ கண்ணையோ தேய்த்தால் போதும். சோப்புப் போட்டு 20 விநாடி என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் எந்த இடம் விட்டுப்போகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரிவதில்லை. நான் செய்வது இது: உள்ளங்கையில் கொஞ்சம் வாட்டர் கலரை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு சோப்புப் போடுவதைப் போலத் தேய்க்கச் சொல்வேன். கண்ணைத் திறந்தால் உள்ளங்கை முழுக்க நிறம் இருக்கும். கட்டைவிரலைச் சுற்றியும், விரல் நுனியிலும், விரல் இடுக்கிலும் வெள்ளையாக இருக்கும். மூக்குக்குள் போவது அதே விரல் நுனிதான் என்று அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். ஒருமுறை பார்த்த பிள்ளை கட்டைவிரலைத் தனியாகத் திருகித் தேய்ப்பதை மறப்பதில்லை.

சானிடைசர் வாங்கினால் அதில் 60 விழுக்காடாவது ஆல்கஹால் இருக்க வேண்டும். மண்ணில் விளையாடிவிட்டு வந்த அழுக்குக் கையில் அது சரியாக வேலை செய்யாது, தண்ணீரும் சோப்பும்தான் வேண்டும். சின்ன வகுப்புகளில் பாட்டிலை ஆசிரியர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்திருப்பதே பாதுகாப்பு.

சிலவற்றைச் செய்து பார்த்து விட்டுவிட்டோம். வாசலில் நெற்றிக்கு நேராகத் தெர்மாமீட்டர் பிடிப்பது அவற்றில் ஒன்று. காலையில் மருந்து குடித்துவிட்டு வந்த பிள்ளையை அது பிடிப்பதில்லை, காய்ச்சல் தொடங்காத பிள்ளையையும் பிடிப்பதில்லை. அதற்காக வாசலில் எல்லாரையும் நெருக்கி வரிசையில் நிறுத்துவதுதான் மிச்சம். தரையெல்லாம் மருந்து தெளிப்பதும் அப்படியே. அந்த ஆட்களின் நேரத்தைக் கதவுப் பிடி, குழாய்த் திருகு, மேசை, கணினி விசைப்பலகை ஆகியவற்றைத் தினமும் துடைப்பதற்குத் திருப்பினோம்.

மருத்துவ அறையைப் பற்றி ஒரு விஷயம். முன்பு காய்ச்சல் வந்த பிள்ளையை அலுவலக பெஞ்சில் உட்கார வைப்பார்கள். போகிற வருகிற எல்லாரும் அந்த வழியாகத்தான் போவார்கள். இப்போது ஜன்னல் உள்ள தனி அறை, ஒரு படுக்கை, தண்ணீர், டிஷ்யூ, மூடியுள்ள குப்பைத்தொட்டி. பிள்ளைக்கு ஒத்துக்கொண்டால் மாஸ்க், கூட இருக்கும் பெரியவருக்குக் கட்டாயம் மாஸ்க். பிள்ளை தனியாக விடப்பட்டதாக உணரக் கூடாது. காய்ச்சலோடு வீட்டுக்குப் போகிறவரை வகுப்பு கேலி செய்யாமல் இருக்க, “உடம்பு சரியானதும் வா, உன் நோட்டு பத்திரமா இருக்கும்” என்று எல்லார் முன்னாலும் சொல்லி அனுப்புவேன். ஒரு வகுப்பில் பல பேருக்கு வந்துவிட்டால் அந்த வகுப்புப் பெற்றோர் எல்லாருக்கும் செய்தி போகும். எந்தப் பிள்ளையின் பெயரும் அதில் இருக்காது. ஆஸ்துமா, நீரிழிவு, இதய நோய் உள்ள பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும் நானே போன் செய்வேன். ஃப்ளூவுக்கான ஒசல்டாமிவிர் போன்ற மருந்துகள் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும் என்பதால், அவர்கள் காய்ச்சல் தொடங்கியதுமே மருத்துவரிடம் போக வேண்டும். அது மருத்துவர் முடிவு செய்து தரும் மருந்து. மற்றபடி ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

பெற்றோரிடம் நான் விடாமல் சொல்லும் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, ஃப்ளூ காய்ச்சலில் பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. ரெய் சிண்ட்ரோம் என்ற, மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஆபத்தான நிலை அதனால் வரலாம். இரண்டு, காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்: வேகவேகமாக மூச்சு வாங்குவது, மூச்சு இழுக்கும்போது விலா உள்ளே ஒடுங்குவது, உதடு நீலம் பாய்வது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, எழுப்பினாலும் சரியாக முழித்துப் பேசாதது, வலிப்பு, மருந்துக்கு அடங்காமல் 104 டிகிரிக்கு மேல் போகும் காய்ச்சல். காய்ச்சலோ இருமலோ ஒருமுறை குறைந்து, மறுபடி பலமாகத் திரும்பி வந்தாலும் உடனே மருத்துவமனைதான்.

தடுப்பூசிக் கூட்டத்தில் எப்போதும் வரும் கேள்வி, “போன வருஷம்தானே போட்டோம், மறுபடியும் எதுக்கு?” என்பது. வைரஸ் மாறிக்கொண்டே இருக்கிறது. எந்த வகைகளைத் தடுப்பூசியில் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் வருடத்துக்கு இருமுறை பரிந்துரைக்கிறது: வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரில். போட்ட பிறகு பாதுகாப்பு உண்டாக இரண்டு வாரம் ஆகும், அதனால் ஃப்ளூ பரவத் தொடங்குவதற்கு முன்பே போட வேண்டும். ஆறு மாதம் நிறைந்த குழந்தையிலிருந்து போடலாம். எட்டு வயது வரையுள்ள பிள்ளைகள் முதன்முதலாகப் போடும்போது, குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை தேவை. போட்டவர்களுக்கும் ஃப்ளூ வரலாம். வந்தாலும் தீவிரம் பெரும்பாலும் குறைவாக இருக்கும்.

பிள்ளைகளுக்குப் போடுவது வீட்டில் இருக்கும் பெரியவர்களையும் காக்கும் என்பதற்கு ஜப்பானைச் சொல்வேன். அங்கே 1962 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ தடுப்பூசி போட்டுவந்தார்கள், 1977இல் அதைக் கட்டாயமாக்கினார்கள். 1987இல் கட்டாயம் தளர்ந்தது, 1994இல் திட்டம் நின்றது. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் 2001இல் வந்த ஆய்வு, அந்தத் திட்டம் வருடத்துக்கு 37,000 முதல் 49,000 உயிரிழப்புகளைத் தடுத்திருக்கும் என்று மதிப்பிட்டது. காப்பாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் பிள்ளைகள். இதைச் சொல்லும்போது கூட்டத்தில் பேரப்பிள்ளையோடு வந்திருக்கும் தாத்தா பாட்டிகள் நிமிர்ந்து உட்காருவதைப் பார்க்கலாம்.

ஆசிரியர்களுக்கும் இதே விதிதான் பொருந்த வேண்டும். “நான் வராவிட்டால் வகுப்பை யார் பார்ப்பது” என்று இருமிக்கொண்டே வரும் ஆசிரியர்கள் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு நிர்வாகம்தான் பதில் வைத்திருக்க வேண்டும். மாற்று ஆசிரியர் யார், அவர் என்ன நடத்துவார் என்று ஃப்ளூ பருவம் தொடங்கும் முன்பே எழுதிவைத்துவிட்டோம். ஒவ்வொரு ஆசிரியரும் இரண்டு நாளுக்கான பயிற்சித் தாள்களை முன்கூட்டியே கொடுத்துவைக்கிறார்கள்.

இன்னும் தீராமல் இருப்பது ஆண்டுத் தேர்வு. அதன் தேதி எங்கள் கையில் இல்லை. அன்று காய்ச்சல் வந்தால் எந்தப் பெற்றோரும் வீட்டில் நிறுத்த மாட்டார்கள், அதை நான் கேட்கவும் மாட்டேன். இப்போதைக்கு இரண்டு பக்கமும் ஜன்னல் உள்ள ஓர் அறையைத் தேர்வு நாட்களில் தனியாக ஒதுக்கிவைக்கிறோம். காய்ச்சலோடு வரும் பிள்ளைகள் இடைவெளி விட்டு உட்கார்ந்து, மாஸ்க் போட்டுக்கொண்டு அங்கே எழுதலாம். கண்காணிப்புக்கு அந்த வருடம் தடுப்பூசி போட்டுக்கொண்ட ஆசிரியர் இருப்பார். ஆனால் உடம்பு வலியோடு எழுதும் பிள்ளைக்கு அது நியாயமான தேர்வு ஆகாது. பிறகு ஒரு தேதியில் எழுத அனுமதி வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் எழுதிக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், இந்த வருடமும் எழுதியிருக்கிறோம்.